கொடி உரித்த பெட்டிகள்

புதிதாகச் சாவி வாங்கியிருக்கும் தம்பிகளே, முதல் நாள் சாவி கைக்கு வந்ததும் நீங்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியோடுதான் வருகிறீர்கள். எந்தத் தூதரகத்தில் நல்ல வண்டி, எந்த வீட்டில் நல்ல சாப்பாடு, எந்த துரைக்குக் கோபம் குறைவு. எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு. வண்டி எல்லாம் வண்டிதான். நான் சொல்ல நினைக்கிறது வேறு.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்று அவள் அதட்டிய இடங்களை மட்டும் அவளே விட்டுவிட்டாள். உங்களில் பாதிப்பேருக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. படிக்கத் தெரிந்தவன் டீக்கடையில் உட்கார்ந்து மற்றவனுக்கு வாசித்துக் காட்டட்டும். பர்மா பாஷையில் கேட்டால் பர்மா பாஷையில் சொல்லட்டும். குறைந்துபோகாது.

எண்பத்தெட்டு வரைக்கும் நான் பஸ் ஓட்டினேன். ரங்கூனில், கியாக்டடா வட்டாரத்தில் சூலே பகோடாவைச் சுற்றி வருகிற பஸ். அந்த வருஷம் தெருவில் நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், நான் சொல்லவில்லை. பஸ் நின்றது, என் வேலையும் நின்றது. அதற்கப்புறம்தான் தூதர்களின் கொடி வண்டிக்கு வந்தேன். இரண்டாயிரத்துப் பத்தில் கண் மங்கி இறங்கினேன். இடையில் எத்தனையோ துரைகள். வந்தவர்கள் போனார்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவர் நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். என்னை இந்தத் தொழிலில் உட்காரவைத்த பழைய டிரைவர் ஒருவர் இருந்தார். வெற்றிலை வாயோடு பேசுவார், பாதி புரியாது. பின் சீட்டில் விழுந்த பேச்சை வண்டி கழுவும்போதே சேர்த்துக் கழுவிவிடு என்பார். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஐரோப்பாவின் கீழ்ப்பக்கம், பால்கன் என்று சொல்கிற மலைப்பிரதேசத்தில் ஒரு சின்ன நாடு. அவ்வளவு போதும். முன்னே பெரிய நாடாக ஒன்றாய் இருந்து, சண்டை போட்டு, துண்டு துண்டாகப் பிரிந்ததில் ஒரு துண்டு. நம் ஊரில் அதற்கு ஒரு வீடு, ஒரு வண்டி, ஒரு தூதர். தூதரை நான் சயா என்றுதான் கூப்பிடுவேன். நம் ஊரில் வாத்தியாருக்கும் சயா, முதலாளிக்கும் சயா. அவருக்கு அது பிடித்திருந்தது. என்னை அவர் ஊ முத்து என்பார். பெரியவர்களுக்கு மரியாதையாகப் போடுகிற ஊ. அதைப் போட்டுக் கூப்பிட்ட முதல் வெள்ளைக்காரர் அவர்தான்.

கொடி வண்டியின் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். தூதர் உள்ளே உட்கார்ந்தால் கொடியின் உறையைக் கழற்ற வேண்டும். அவர் இறங்கினால், அடுத்த கணமே உறையைப் போட வேண்டும். அவர் இல்லாமல் கொடி பறந்தால் அது குற்றம். அவர் இருக்கும்போது உறை கிடந்தால் அது அவமரியாதை. கொடி பறக்கிற வரைக்கும் அது வண்டி இல்லை, அவர்கள் நாடு. நீ நாட்டையே ஓட்டிக்கொண்டு போகிறாய். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். பஸ் ஓட்டினவன் கையில் ஒரு நாடு!

சயாவுக்கு ஒரே கனவு. அவர்கள் பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய சங்கம் வைத்திருக்கின்றன. அதில் தன் நாடும் சேர வேண்டும். வாய் திறந்தால் அதுதான். சிக்னலில் நின்றால் அது, மழையில் மாட்டினால் அது. நான் முதலில் இது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்தேன். தொண்ணூற்றேழில் நம் நாடும் தென்கிழக்கு நாடுகளின் சங்கத்தில் சேர்ந்ததே. தெருவில் கொடி கட்டினார்கள், மறுநாள் அவிழ்த்தார்கள், எங்கள் தெருக் குழாயில் அன்றும் தண்ணீர் வரவில்லை. சேர்வது என்றால் அவ்வளவுதான் என்று இருந்தேன்.

சயா சொன்னது வேறு மாதிரி இருந்தது. சங்கத்தில் சேர ஒரு பெரிய வீட்டுக்குள் போகிற மாதிரி கதவு கதவாகத் திறக்க வேண்டுமாம். ஒரு கதவுக்குள் நீதிபதிகள். லஞ்சம் வாங்காத நீதிபதி வேண்டும். இன்னொரு கதவுக்குள் ஆடு மாடு வெட்டுகிற இடம். கத்தியும் தரையும் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம். இன்னொன்றில் தராசு. இன்னொன்றில் மீன் வலையின் கண். சண்டையில் தப்புச் செய்த தன் சொந்தத் தளபதிகளையே பிடித்து வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கதவு. அனுப்பினார்களாம்.

"தானாகவா சயா?" என்று கேட்டேன்.

"தானாக இல்லை, ஊ முத்து. அழுதுகொண்டு, திட்டிக்கொண்டு. ஆனால் அனுப்பினோம்" என்றார்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாடு, வெளியே தெரிகிற சுவரை விட்டுவிட்டு, அடுப்படியையும் கிணற்றடியையும் முதலில் கழுவுகிறதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். யாரும் படை எடுத்து வந்து கழுவச் சொல்லவில்லை. உள்ளே வர வேண்டுமானால் கழுவு என்றார்கள், கழுவினார்கள். இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று அன்று இரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள், "முதல்ல நம்ம கிணத்தடியக் கழுவுங்க" என்றாள்.

இதில் ஒரு முட்டுக்கட்டை. சயாவின் நாட்டுக்குப் பக்கத்து நாடு முன்னாலேயே சங்கத்துக்குள் போய்விட்டது. உள்ளே இருக்கிற ஒரே ஒரு நாடு வேண்டாம் என்றாலும் கதவு திறக்காது, அதுதான் அவர்கள் சட்டம். இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆறு. ஆற்று நடுவே ஒரு மணல் திட்டு. அது யாருடையது என்று தகராறு. திட்டைக் கொடு, அப்புறம் கதவு என்று பக்கத்து நாடு தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்து நாட்டுக்கும் நம் ஊரில் தூதர் உண்டு. ஒரு அம்மா. நல்ல உயரம், நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பார். அவருக்கு டிரைவர் யார் தெரியுமா? காசிம் காக்கா. கீழக்கரைக்காரர்கள், மூன்று தலைமுறையாகக் கியாக்டடாவில் குடைக்கடை வைத்திருந்தவர்கள். கடை போன பிறகு ஸ்டியரிங் பிடித்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். விருந்து நடக்கிற இடத்தில் துரைகள் உள்ளே போனதும் நாங்கள் இரண்டு பேரும் மீன்குழம்பு ஊற்றின நூடுல்ஸுக்கு ஒரே மோஹிங்கா கடையில்தான் உட்காருவோம்.

"என்ன முத்து, ஒங்க சயாவுக்கு இன்னும் கதவு தொறக்கலையா?" என்பார்.

"நீங்க தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டு நின்னா எப்புடிக் காக்கா தொறக்கும்?"

"நான் எங்கடா புடிச்சேன்? எங் கையில பாரு, மோஹிங்கா கிண்ணம்தான் இருக்கு. எங்க அம்மாவும் புடிக்கல. ஊர்ல உள்ளவன் புடின்னு சொல்றான், அது புடிச்ச மாதிரி நிக்கிது. சம்பளம் வாங்குதுல்ல?"

"அப்ப அந்தத் திட்ட எங்களுக்கே விட்ருங்க."

"திட்டுல என்னடா இருக்கு? கொக்கு நிக்கிதாம். அதுக்கு ரெண்டு நாடு."

சயாவும் அந்த அம்மாவும் விருந்தில் எதிரே பட்டால் இங்கிலீஷில் குட் ஈவினிங் சொல்வார்கள். எக்ஸலன்சி என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். அவ்வளவுதான். கண்ணாடிப் பாத்திரம் கைமாற்றுகிற மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்து எட்டில் நர்கிஸ் புயல் வந்தது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அப்போது பிள்ளைகளாக இருந்திருந்தாலும் நினைவிருக்கும். ரங்கூனில் இருந்த தூங்குமூஞ்சி மரமெல்லாம் வேரோடு சாய்ந்து தெருவில் படுத்துவிட்டது. மின்சாரம் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. பெட்ரோலுக்கு வரிசை. நமக்கே இப்படி. கீழே ஐராவதி முகத்துவாரத்தில் ஊர் ஊராகப் போய்விட்டது. உயிர் பிழைத்தவர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். குளத்தில் உப்புத் தண்ணீரும் பிணமும்.

சயா தன் நாட்டுக்குச் சொல்லித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மாத்திரை வரவழைத்தார். சின்ன நாடு, பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்ன லாரி கொள்கிற பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் அவர்கள் கொடி ஒட்டியிருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. மிங்கலாடோன் விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கியபோது அந்தக் கொடியை அவர் விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். சங்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து அலோன் படகுத்துறையிலிருந்து ஒரு பெரிய படகு அனுப்புகின்றன. தன் பெட்டியும் அந்த வரிசையில் நிற்க வேண்டும், போட்டோவில் தெரிய வேண்டும், நாங்களும் உங்களோடுதான் என்று சங்கத்தின் தலைநகரில் பார்க்க வேண்டும். இது அவர் ஆசை. அவர் ஊர் அமைச்சகமும் அதைச் சொல்லித்தான் மருந்தைக் கொடுத்திருந்தது.

அந்த ஆறு மாதம் சங்கத்துக்குத் தலைமை யார்? அந்தப் பக்கத்து நாடுதான். முறை வைத்து மாறும், அப்போது அவர்கள் முறை. சங்கத்தின் படகில் சங்கத்து நாடுகளின் பெட்டி மட்டும்தான் என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். வேறு படகு கிடைக்கவில்லை. கிடைத்த படகெல்லாம் உடைந்து கரையில் கிடந்தது. வெள்ளைக்காரர் யாரும் முகத்துவாரத்துக்குப் போகக் கூடாது, பெட்டி மட்டும் போகலாம் என்று மேலிடத்து உத்தரவு. மத்தியானம் ஆற்றில் தண்ணீர் இறங்குவதற்குள் படகு கிளம்பியாக வேண்டும்.

"நேரே துறைக்குப் போ, ஊ முத்து. நான் நேரில் கேட்கிறேன்" என்றார் சயா.

முன்னால் நாங்கள். பின்னால் பெட்டி லாரி. அலோன் போகிற ரோட்டில் ஒரு ராட்சச மரம் விழுந்து கிடந்தது. பக்கத்து மடத்துப் பிக்குகளும் தெருக்காரர்களும் ரம்பத்தால் அறுத்து, ஒரே ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழி வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளை. அறுந்த மின்கம்பி. உள்ளே நுழைந்து பாதி வந்துவிட்டேன். எங்கள் லாரியும் பின்னாலேயே நுழைந்துவிட்டது. எதிரே ஒரு வண்டி நுழைகிறது. கொடி பறக்கிறது. காசிம் காக்கா!

துறையிலிருந்து அந்த அம்மா திரும்பி வருகிறார். மூக்குக்கு மூக்கு நின்றோம்.

யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். டிரைவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கை காட்டி, சிரித்து, எடுத்துவிடுவோம். ஆனால் கொடி பறக்கிறதே. பின்னால் போவது வண்டி இல்லை, நாடு. நம் ஊருக்கு யார் முதலில் தூதராக வந்தாரோ அவருக்கு முதல் மரியாதை. அப்படிப் பார்த்தால் சயா மூத்தவர். ஆனால் அந்த அம்மா அன்றைக்குச் சங்கத்துக்கே தலைமை. இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது.

"பின்னால் எடுக்காதே" என்றார் சயா.

எதிர்க் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாவும் காசிம் காக்காவின் தோளுக்கு மேலே ஏதோ சொல்கிறார். காக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதே உத்தரவுதான்.

எங்கள் லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நின்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. என் காலுக்குக் கீழே ஆக்சிலேட்டர். ஒரு முழம் முன்னால் விட்டுப் பார், பயந்து எடுப்பார்கள் என்று மனசு சொல்கிறது. தம்பிகளே, இந்த இடத்தில்தான் பாதி டிரைவர் கெட்டுப்போகிறான். துரையின் கோபத்தைத் தன் காலில் ஏற்றிக்கொள்கிறான்.

நான் சொன்னேனே, வெற்றிலை வாய்க்காரர். முட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் எஞ்சினை அணை என்பார். அணைத்த வண்டியோடு எவனும் மல்லுக்கு நிற்க முடியாதாம். நான் சாவியைத் திருப்பி அணைத்தேன். சாவியை எடுத்து, காக்காவுக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன்.

"என்ன செய்கிறாய்?"

"பெட்ரோல், சயா. இதுதான் இருக்கு. வீட்டுக்குத் திரும்பணுமே."

பொய் இல்லை. பெட்ரோல் நிஜமாகவே அவ்வளவுதான் இருந்தது. எதிரே காக்கா என் சாவியைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார். அவரும் அணைத்துவிட்டார்.

மே மாதத்து வெயில். மரமும் இல்லாத ஊர். எஞ்சின் நின்றால் ஏசியும் நின்றது. கோட்டுப் போட்டவர் எத்தனை நேரம் பொறுப்பார்? சயா கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார், கண்ணாடியை இறக்கினார், கடைசியில் கதவைத் திறந்து இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் என் கை பழக்கத்தில் எழுந்தது. இறங்கிப் போய்க் கொடிக்கு உறை போட்டேன். எதிரே அந்த அம்மாவும் இறங்கினார். காக்கா லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவர் கொடிக்கு உறை போட்டார். நிமிர்ந்தோம். ரோட்டில் இரண்டு வெறும் வண்டி. வியர்த்துக் கொட்டுகிற இரண்டு மனிதர்கள்.

முதலில் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார்கள். எக்ஸலன்சி, மேடம், ரெகுலேஷன். அந்த அம்மா ஒரு அடி முன்னால் வைக்கும்போது கிளைக் கவட்டில் கால் மாட்டிச் சாய்ந்தார். விழுகிற வேகத்தில் ஏதோ சொன்னார், அது இங்கிலீஷ் இல்லை. சயா பாய்ந்து கையைப் பிடித்தார். பிடித்தபடியே பதில் சொன்னார். அதுவும் இங்கிலீஷ் இல்லை.

அதற்கப்புறம் இங்கிலீஷ் திரும்பவே இல்லை. இவர் கத்துகிறார், அவர் கத்துகிறார். ஒருவர் முடிக்கும் முன்னால் இன்னொருவர் பதில் சொல்கிறார். நடுவில் யாரும் நின்று யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் தஞ்சாவூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. ராகம் வேறு. விஷயம் அப்படியே போய்ச் சேர்கிறது.

காக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "முத்து, ரெண்டும் ஒரே பாஷையாடா?"

"கேட்டா அப்புடித்தான் இருக்கு காக்கா."

"அப்ப இத்தன வருசமா என்னத்துக்குடா இங்கிலீசுல நாக்கச் சுத்திக்கிட்டு இருந்தாங்க?"

மெய்மறந்து நின்றேன். ஒரே ஆற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்த இரண்டு பேர், ரங்கூனில் விழுந்த ஒரு மரத்துக்கு நடுவில் நின்று, முதல் முறையாக ஒருவரை ஒருவர் வாய் நிறையத் திட்டுகிறார்கள். திட்டத் திட்ட முகத்தில் ரத்தம் ஓடுகிறது. அவ்வளவு நாள் விருந்துகளில் பார்த்தது இரண்டு பொம்மைகளை என்று தோன்றியது.

அந்த அம்மாதான் முதலில் நிறுத்தினார். லாரியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். காக்காவிடம் திரும்பி, "பின்னால் எடு" என்றார். வண்டியில் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, கையை ஆட்டி, கிளையைக் காலால் தள்ளி, வழிகாட்டிக்கொண்டே நடந்தார். நாங்கள் அவர் பின்னால் ஊர்ந்தோம்.

துறைக்குப் போயும் பிரச்சினை தீரவில்லை. படகுக்கு முன்னால் பெட்டிகள் நாடு நாடாக அடுக்கியிருந்தன. சங்கத்தின் ஆள் ஒருவர், கண்ணாடி போட்ட இளைஞர், குறுக்கே நின்றார். உறுப்பினர் கொடி இல்லாத பெட்டி ஏறக் கூடாது, எனக்கு அதிகாரம் இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மாவும் விதியை மாற்ற முடியாது. அவர் போட்ட விதி இல்லை அது.

அந்த அம்மா தன் பெட்டிகளில் ஒட்டுகிற கொடிச் சுருளை எடுத்துவந்தார். தன் கொடியை மேலே ஒட்டி அனுப்புகிறேன் என்று சயாவிடம் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். கையை வைத்து ஜாடை காட்டியதில் எனக்கே புரிந்தது.

யோசித்துப் பாருங்கள். எந்த நாடு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ, அந்த நாட்டின் கொடியைத் தன் பெட்டியில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் மருந்து போகாது. ஒட்டினால் ஊருக்கு என்ன பதில் சொல்வார்?

படகோட்டி கோ தெய்ன் முகத்துவாரத்துக்காரர், அவர் ஊர் அங்கேதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று பர்மா பாஷையில் கத்தினார். "தண்ணி எறங்குதுங்க! ஏத்துறதுன்னா ஏத்துங்க, இல்லன்னா நான் போறேன்! அங்க புள்ளைங்க சேத்துத் தண்ணியக் குடிக்கிதுங்க!"

சயாவுக்கு அந்த அளவுக்குப் பர்மா பாஷை தெரியும். லாரியின் பின்பலகையில் ஏறி, முதல் பெட்டிக்கு முன்னால் குந்தினார். நகத்தால் தன் நாட்டின் கொடியை உரிக்க ஆரம்பித்தார்.

ஈரத்தில் ஒட்டியது, லேசில் வரவில்லை. ஓரம் கிழிந்து கிழிந்து வந்தது. நான் ஏறிக் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். உரித்ததைக் கீழே போடாமல் கோட்டுப் பையில் வைத்தார். அந்த அம்மாவின் சுருளை அவர் வாங்கவே இல்லை. உரித்த பெட்டியை இறக்கச் சொன்னார். ஒன்று, இன்னொன்று. வெறும் பெட்டி. அதில் யார் கொடியும் இல்லை.

அந்த அம்மா சுருளைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். கண்ணாடிக்கார இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா திரும்பித் தன் நாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். சுருளைத் தரையில் வைத்தார். குனிந்து, தன் பெட்டியில் ஒட்டியிருந்த கொடியை உரித்தார்.

காசிம் காக்கா, "அல்லாவே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

துறைக் கூலிகளுக்கு எதுவும் புரியவில்லை. உரித்த பெட்டி கைக்கு வந்தால் தூக்க வேண்டியதுதான். இவர் பெட்டியும் அவர் பெட்டியும் ஒன்றாகக் கலந்து பலகை மேல் ஏறின. இளைஞர் ஓடிவந்து அந்த அம்மாவிடம் கேட்டார், எது உங்களுடையது, எது அவருடையது என்று. அந்த அம்மா குவியலைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லையே என்று கையை விரித்து, சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இளைஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றுகொண்டார்.

தண்ணீர் இறங்குவதற்குள் கோ தெய்ன் படகை எடுத்துவிட்டார். பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்த பிறகு அவரே துறையில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஏன் அந்த அம்மா அப்படிச் செய்தார் என்று பின்னால் ஒருநாள் சயாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். நீங்கள் கேட்கவில்லையா என்றேன். கேட்கவில்லை என்றார். இதனால் மணல் திட்டுத் தகராறு தீர்ந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. தாழ்ப்பாள் அப்படியேதான் இருந்தது. போட்டோ எங்கே என்று சயாவுக்கு ஊரிலிருந்து நல்ல வசவு வந்தது. அடுத்த விருந்தில் இரண்டு பேரும் எதிரே பட்டார்கள். குட் ஈவினிங், எக்ஸலன்சி. அதே இங்கிலீஷ். காக்கா என் விலாவில் இடித்தார். இரண்டு நாட்டுப் பெரிய தலைகளும் பேசி அந்தத் தாழ்ப்பாளை விடுவித்தது அப்புறம். அதற்கும் அலோன் துறைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொன்னால் என் மகளே சிரிப்பாள். நான் வேலையிலிருந்து இறங்கும்போதும் அவர்கள் நாடு வெளியேதான் நின்றது, இன்னும் சில கதவு பாக்கி என்று.

அன்றைக்குத் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படகு கண்ணுக்கு மறைந்து, காலி லாரியும் முன்னால் போன பிறகு நான் பின் கதவைத் திறந்து நின்றேன். சயா வந்தார். பின் கதவைத் தானே சாத்திவிட்டு, முன்பக்கம் போய் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் எந்தத் தூதரும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் நகத்துக்குள் பசையும் காகிதமும் ஒட்டியிருந்தது.

"சயா, கொடி?" என்றேன்.

"உறை இருக்கட்டும்" என்றார்.

மரம் வெட்டிய இடத்துக்கு வந்தோம். பாதி நுழைந்துவிட்டேன். எதிரே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா, தண்ணீர்க் குடங்களை அடுக்கிக் கட்டி, ஒருவர் மூச்சு வாங்க மிதித்து வருகிறார். எங்களைப் பார்த்ததும் பயந்துபோய் இறங்கி, திருப்பவும் முடியாமல் தவித்தார். நான் சயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் கண்ணாடியை இறக்கி, இடுப்பு வரைக்கும் வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக் கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார், லாரிக் கிளீனர் மாதிரி, வா வா என்று நம் பர்மா பாஷையில்.

"லா… லா… லா… ஊ முத்து, வா, இன்னும் இடம் இருக்கு. வா."